வெளிநாட்டுல இருக்கோம், ஊர்ல ஓட்டு போடணும்: படிவம் 6ஏ நிரப்புறது எப்படி?

எலெக்‌ஷன் தேதி அறிவிச்ச உடனே எங்க ரூம்ல வர்ற முதல் கேள்வி, "அண்ணே, இங்கருந்தே ஆன்லைன்ல ஓட்டு போட முடியுமா, எம்பசில பெட்டி ஏதும் வைப்பாங்களா?" அப்படிங்கறதுதான். முடியாது. தபால் ஓட்டும் நமக்குக் கிடையாது, அது ராணுவத்துல இருக்கறவங்க, தூதரகத்துல வேலை பாக்குற அரசு ஊழியருங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான். 2018-ல, நமக்குப் பதிலா ஊர்ல ஒருத்தர் ஓட்டு போடலாம்னு ஒரு மசோதா மக்களவையில பாஸ் ஆச்சு, ஆனா மாநிலங்களவையைத் தாண்டறதுக்குள்ள 2019-ல அந்த மக்களவையே கலைஞ்சு மசோதாவும் காலாவதி ஆயிடுச்சு. அடுத்து 2020-ல, மின்னணு தபால் ஓட்டை நமக்கும் கொடுக்கலாம்னு தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதுச்சு, ஆனா அதுவும் இன்னும் நமக்குக் கைக்கு வரல.

அதனால இன்னைக்கு நெலமை இதுதான்: பேர் சேர்க்கறத உக்காந்த எடத்துலயே செஞ்சுக்கலாம், ஓட்டு போட மட்டும் நேர்ல ஊருக்குப் போகணும். பேர் சேர்க்க ஒரு பைசா செலவில்ல. இந்த உரிமை 2011-லருந்து சட்டத்துலயே இருக்கு, "வெளிநாடு வாழ் வாக்காளர்"னு பேரு, அதுக்கான ஃபார்ம்தான் 6ஏ. 2024 மக்களவைத் தேர்தலுக்கு நாடு முழுக்க 1,19,374 பேர் இப்படிப் பதிவு பண்ணியிருந்தாங்க, வந்து ஓட்டு போட்டவங்க 2,958 பேர், அதுலயும் 2,670 பேர் கேரளாக்காரங்க. வளைகுடாவுல நாம இத்தனை பேர் இருக்கோம், நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு ஃபார்ம் இருக்கறதே தெரியலைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம், அதுக்குத்தான் இதை உக்காந்து எழுதுறேன்.

முதல்ல நீங்க தகுதியான ஆளான்னு பாத்துக்கோங்க. இந்தியக் குடிமகனா இருக்கணும், வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது, வேலைக்கோ படிப்புக்கோ வேற காரணத்துக்கோ ஊரை விட்டு வந்து வெளிநாட்டுல தங்கியிருக்கணும், பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். ஓசிஐ கார்டு (வேற நாட்டுக் குடியுரிமை இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற அட்டை) வச்சிருக்கறவங்களுக்கு ஓட்டு கிடையாது, அவங்க இந்தியக் குடிமக்கள் இல்லைங்கறதால. வயசு கணக்குக்கு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-னு வருஷத்துக்கு நாலு தேதி இருக்கு, அதுல ஒரு தேதிக்குள்ள பதினெட்டு முடிஞ்சிருந்தா போதும், படிக்க வந்த பசங்க இதைக் கவனிச்சுக்கோங்க.

எந்தத் தொகுதின்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது. பாஸ்போர்ட்ல இந்தியாவுல எந்த வீட்டு அட்ரஸ் இருக்கோ அந்தத் தொகுதிதான். இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி உங்க பாஸ்போர்ட்டோட அட்ரஸ் பக்கத்தைத் திறந்து பாருங்க. இங்க வந்து ரினியூ பண்ணினவங்களுக்கு சில சமயம் இந்த ஊர் அட்ரஸே அச்சாகியிருக்கும், அப்படி இருந்தா ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடியே உங்க தொகுதியில வாக்காளர் பட்டியலைப் பாத்துக்கற வாக்காளர் பதிவு அலுவலர்கிட்ட பேசித் தெளிவு பண்ணிக்கறது நல்லது.

அடுத்து ஸ்கேன் வேலை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு, அப்புறம் பாஸ்போர்ட்ல போட்டோ இருக்கற பக்கம், இந்திய அட்ரஸ் இருக்கற பக்கம், இப்ப செல்லுபடியாகற விசா பக்கம். இதுல ஒவ்வொண்ணுலயும் நீங்களே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. மொபைல்ல எடுத்தாலும் பரவால்ல, ஆனா லைட் அடிச்சு பாஸ்போர்ட் நம்பர் மங்கலா தெரியற மாதிரி மட்டும் எடுக்காதீங்க.

இப்ப தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் சேவை போர்ட்டலுக்குப் போங்க, இல்லன்னா ஆணையத்தோட ஈசிஐநெட் (ECINET) ஆப் இறக்கிக்கோங்க. கணக்கு தொடங்கற எடத்துல உள்நாட்டு வாக்காளர், வெளிநாடு வாழ் இந்திய வாக்காளர்னு ரெண்டு பிரிவு இருக்கும், ரெண்டாவதைத் தொடணும். முதல் பிரிவுலயே போய் நம்ம ஊர் பத்து இலக்க நம்பரைக் கேக்குதேன்னு தவிக்கிறவங்க நிறைய பேர். ஓடிபி வந்து உள்ள போனதும் படிவம் 6ஏ-வைத் திறங்க. மாநிலம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, பேர், பிறந்த தேதி, உறவினர் பேர், பாஸ்போர்ட் நம்பர், அது குடுத்த எடம், தேதி, விசா விவரம், ஊரை விட்டு வந்த காரணம், ஊர் அட்ரஸ், இங்க இருக்கற அட்ரஸ் எல்லாம் வரிசையா கேக்கும்.

இதுல மூணு எடத்துல நிதானமா இருங்க. ஒண்ணு, பேரு. நமக்கு இன்ஷியல்தான் பழக்கம், ஆனா பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சு கெடக்கும், ஊர்ல பழைய பட்டியல்ல ஒரே ஒரு எழுத்தோட இருக்கும். இங்க பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, ஓட்டு போடற அன்னைக்கு கையில இருக்கப்போறது பாஸ்போர்ட்தானே. ரெண்டாவது, தமிழ்ல பேரு தானா மாறி விழற கட்டம். என்னோட சினேகிதன் செந்திலுக்கு "சென்தில்"னு வந்துச்சு, அவன் பாக்காம சப்மிட் அடிக்கப் போனான், பக்கத்துல இருந்து நான்தான் நிறுத்தினேன். அந்தக் கட்டத்துல கைய வச்சு நாமளே திருத்தலாம். மூணாவது, கதவு எண். நம்ம தெருவுல பழைய எண் புதிய எண்ணுன்னு ரெண்டு இருக்குமே, பாஸ்போர்ட்ல பழசு இருந்து வீட்டு வாசல்ல புதுசு எழுதியிருந்தா, பின்னாடி விசாரிக்க வர்ற அலுவலருக்கு வீடு தெரியாது, அதனால எந்த எண் எதுன்னு வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லி வைங்க.

ஏற்கனவே ஊர்ல வாக்காளர் அட்டை இருக்கறவங்க இதைக் கண்டிப்பா படிங்க. வெளிநாட்டு வாக்காளரா பதிவு பண்றப்ப அந்தப் பழைய அட்டையை ஒப்படைக்கணும், பழைய பதிவு பத்தி ஃபார்ம்லயே உறுதிமொழி கேப்பாங்க. ரெண்டு எடத்துல பேர் வச்சிருக்கறது சட்டப்படி தப்பு, பொய்யா உறுதிமொழி குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. "அது பாட்டுக்கு இருக்கட்டும்டா"ன்னு ஊர்ல யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. அதோட 2025 நவம்பர் 4-ல தமிழ்நாட்டுல தொடங்கின வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்துல, வீட்ல இல்லாதவங்க, எடம் மாறினவங்க பேரையெல்லாம் நிறைய எடுத்துட்டாங்க, பழைய பேர் இன்னும் இருக்கான்னே முதல்ல தேடிப் பாக்கணும்.

சப்மிட் பண்ணினதும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அதை வச்சு நிலவரம் பாத்துக்கிட்டே இருங்க. இதுக்கப்புறம் நடக்கறதுதான் முக்கியம்: வாக்குச்சாவடி நிலை அலுவலர், நம்மாளுங்க பிஎல்ஓன்னு சொல்றவங்க, பாஸ்போர்ட்ல இருக்கற வீட்டுக்கே நேர்ல வந்து விசாரிப்பாங்க. நான் முதல் தடவை போட்டப்ப அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்க, வந்தவர் பூட்டின கதவைப் பாத்துட்டுப் போயிட்டார், பக்கத்து வீட்ல கேட்டதுக்கு "அவங்க யாரும் இங்க இல்லீங்க"ன்னு சொல்லியிருக்காங்க, விண்ணப்பம் நிராகரிப்புன்னு வந்துடுச்சு. ரெண்டாவது தடவை அம்மாவுக்கு போன் பண்ணி, "யாராவது பேரேட்டோட வந்தா, என் பையன்தான், வேலைக்குப் போயிருக்கான், வீடு இதுதான்னு சொல்லும்மா, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் பீரோவுல மேல் தட்டுல இருக்கு, எடுத்துக் காட்டும்மா"ன்னு சொல்லி வச்சேன். சேர்ந்துடுச்சு. நீங்களும் அந்த ஜெராக்ஸ ஊர்ல ஒரு காப்பி வச்சுட்டு வாங்க, அக்கம்பக்கத்துலயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

எப்ப விண்ணப்பிக்கறதுன்னா, இன்னைக்கே. வேட்புமனு தாக்கல் பண்ற கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாடியே விண்ணப்பம் போய்ச் சேரலன்னா அந்தத் தேர்தலுக்கு உங்க பேர் வராது, தேதி அறிவிச்ச பிறகு ஓட ஆரம்பிச்சா நேரம் பத்தாது. ஆன்லைன் சரிப்படலன்னா அச்செடுத்து நிரப்பி உங்க தொகுதி வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபால்லயும் அனுப்பலாம்.

பேர் சேர்ந்தாலும் நமக்கு வாக்காளர் அட்டை தரமாட்டாங்க, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. வாக்குச்சாவடியில காட்ட வேண்டியது ஒரிஜினல் பாஸ்போர்ட், மொபைல்ல இருக்கற போட்டோ செல்லாது. இன்னொரு விஷயம், நம்ம பேரு பட்டியல்ல தெருக்காரங்களோட வரிசையில இருக்காது, நம்ம வாக்குச்சாவடிக்கான பட்டியலோட (அதைத்தான் பாகம்னு சொல்வாங்க) கடைசியில வெளிநாடு வாழ் வாக்காளர்கள்னு தனியா போட்டிருப்பாங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் தேடி ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. நான் போனப்ப மேஜையில இருந்தவர் எங்க தெரு பக்கத்தை மேலயும் கீழயும் ரெண்டு தடவை பாத்துட்டு "பேரு இல்லையேப்பா"ன்னாரு. "சார், கடைசிப் பக்கம் பாருங்க"ன்னு சீட்டை நீட்டினேன், புரட்டினாரு, இருந்துச்சு. பாஸ்போர்ட் வாங்கி நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டாரு, இடது கை ஆள்காட்டி விரல்ல மை வச்சாங்க.

லீவுதான் நமக்குப் பெரிய சிக்கல், டிக்கெட் விலையும் அந்த நேரத்துல ஏறும். வருஷ லீவை அந்த மாசத்துக்குத் தள்ளி வைக்க முடியுமான்னு முன்கூட்டியே கம்பெனியில கேட்டுப் பாருங்க. பேர் சேர்ந்திருந்து ஒரு தேர்தலுக்கு வர முடியாமப் போனா ஒண்ணும் குடி முழுகிடாது, பேர் அப்படியே இருக்கும், அடுத்ததுக்குப் போடலாம்.

ஒரேயடியா ஊருக்குத் திரும்பிட்டீங்கன்னா பதிவு அலுவலருக்குத் தெரிவிச்சு இந்தப் பதிவை எடுக்கச் சொல்லிட்டு, படிவம் 6 போட்டு உள்நாட்டு வாக்காளரா சேர்ந்துக்கணும், அப்ப அட்டையும் வரும். சந்தேகம் இருந்தா ஊர்ல இருக்கற வீட்டாள விட்டு 1950-ங்கற வாக்காளர் உதவி எண்ணுக்கு கூப்பிடச் சொல்லுங்க.