புது மவுண்டன் சைக்கிள் வாங்கிட்டீங்களா? திருகோணமலை உப்புக் காத்துல அதைப் பாத்துக்கொள்ளுற முறை

டச்பே, உப்புவெளிப் பக்கம் வீடு இருக்கிறவைக்கு இது தெரியும், காலையில எழும்பி ஜன்னல் கம்பியில விரலைத் தேய்ச்சு நாக்கில வச்சுப் பாத்தா உப்புக் கரிக்கும். அந்த உப்பு கம்பியோட நிக்காது, விறாந்தையில நிப்பாட்டி வச்சிருக்கிற சைக்கிளின்ட செயின், நட், கேபிள் எல்லாத்திலயும் இரவோட இரவா வந்து படியும். மலைநாட்டில கன காலம் பளபளப்பா நிக்கிற சாமான் இங்க கெதியா கறள் பிடிக்கிறது இதனாலதான்.

அக்காட மகனுக்கு ஓ.எல் எழுதி முடிஞ்ச கையோட ஒரு மவுண்டன் சைக்கிள் வாங்கிக் குடுத்தது. அவனுக்கு விறாந்தையில இருந்து காட்டிக் குடுத்ததை அப்படியே இங்க எழுதுறன், முதல்தரம் வாங்கினவைக்கு உதவும்.

தேவையான சாமான் கனக்க இல்லை. 4, 5, 6 மில்லிமீற்றர் அலன்கீ, பெடலுக்கு 15 மில்லிமீற்றர் ஸ்பனர், காத்தின்ட அளவு காட்டுற பம், சின்ன டின் கிறீஸ், ஒரு போத்தல் செயின் ஒயில், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல்லு பிறஷ், பழைய பனியன் துணி. இவ்வளவும் காணும்.

முதல் வேலை: ஓட முதல் ஒருக்கா சுத்திப் பாக்கிறது

சைக்கிள்ல ஏறி இருந்து முன் சில்லைக் குனிஞ்சு பாருங்கோ. டிஸ்க் பிரேக் (சில்லின்ட நடுவோட சேந்த தட்டைப் பிடிக்கிற பிரேக்) உங்கட இடது கைப்பக்கம் இருக்க வேணும். வலது பக்கம் இருந்தா கடையில பூட்டேக்க முன் சில்லைத் தாங்கிற போர்க்கைத் திருப்பிப் போட்டிருக்கினம், ஓடாம உடனே கொண்டுபோய்க் குடுங்கோ.

பெடல்ல R, L எண்டு எழுத்து இருக்கும், R வலது, L இடது. இடது பெடலின்ட புரி மற்றப் பக்கம் சுத்துறது, இதுதான் புதுசா வாங்கிற கன பேர் பிழை விடுற இடம். ஞாபகம் வச்சிருக்க சுகமான வழி ஒண்டு இருக்கு, ஸ்பனரை மேல நிக்கிற மாதிரிப் போட்டு முன் சில்லுப் பக்கமா இழுத்தா ரெண்டு பெடலும் இறுகும், பின் சில்லுப் பக்கமா இழுத்தா ரெண்டும் களரும். புரியில கொஞ்சம் கிறீஸ் பூசி, முதல் ரெண்டு மூண்டு சுத்து கையாலயே ஏத்துங்கோ. கையால ஏறாட்டி ஸ்பனரைப் போட்டுப் பலவந்தம் பண்ணக் கூடாது, பெடல் பூட்டுற கிராங் கை அலுமினியம், பெடல் அச்சு இரும்பு, கோணலாப் போனா இரும்பு அலுமினியத்தைத் தின்றுரும்.

ஹாண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்ல முன்னால நாலு போல்ட் இருக்கும். அதைக் குறுக்குக் குறுக்கா, ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி மேல இடைவெளியும் கீழ இடைவெளியும் ஒரே அளவா வரப் பண்ணுங்கோ. அனேகமா ஸ்டெம்லயே 5 அல்லது 6 நியூற்றன் மீற்றர் எண்டு அடிச்சிருக்கும். அது பெரிய பலம் இல்லை, அலன்கீயை ரெண்டு விரலால இறுக்கின மாதிரித்தான், சைக்கிள் பாஸ்மார் முழுக் கையையும் போட்டு முறுக்கிறதைப் பாத்திட்டு அப்படிச் செய்யாதேங்கோ. பிறகு முன் சில்லை முழங்காலுக்கு இடையில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கோ, அசையாம இருந்தாச் சரி.

இப்ப சீற் தண்டு. இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடவே சொல்லப் போறன். என்ட முதலாவது மவுண்டன் சைக்கிளை வாங்கின நேரம் சீற் உயரம் எனக்கு அளவா இருந்திச்சு, அதால நான் அதைத் தொடவே இல்லை. ஒரு வருசம் கழிச்சு மச்சான் ஒருத்தர் ஓட்டக் கேட்டார், அவருக்காகக் கொஞ்சம் பதிக்கப் பாத்தா தண்டு அசையவே இல்லை. கடையில கிறீஸ் போடாமப் பூட்டியிருக்கினம், உப்பும் மழைத் தண்ணியும் உள்ளுக்க இறங்கி, அலுமினியத் தண்டும் பிறேமும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போச்சு, விளிம்பில மா மாதிரி வெள்ளையா ஒரு தூள் மட்டும் தெரிஞ்சுது. மண்ணெண்ணெய் விட்டம், சுத்தியலால தட்டினம், சரி வரேல்லை. கடைசியில தண்டை வாளால அறுத்து உள்ளுக்க மிஞ்சினதைத் துண்டு துண்டா எடுத்தது, பிறேமும் கீறுப்பட்டுப் போச்சு. எனக்கு இப்பவும் மனசு எரியும். ஒரு விரல் கிறீஸ் போட்டிருந்தாக் காணும்.

அதால வாங்கின அண்டைக்கே சீற் தண்டை முழுசா வெளியில எடுங்கோ, துடைச்சு, சுத்திவர மெல்லிசாக் கிறீஸ் பூசித் திருப்பி விடுங்கோ. காபன் பிறேம் எண்டா கிறீஸ் போடக் கூடாது, அதுக்கெண்டு வேற பேஸ்ற் இருக்கு. பெடல் அடியில நிக்கேக்க குதிக்காலை அதில வச்சா கால் நேரா நீளுற உயரம் சரியான உயரம். தண்டில ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியில தெரியிற அளவுக்கு உயர்த்தக் கூடாது. பிறகு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துத் துடைச்சுக் கிறீஸ் மாத்துங்கோ. 5 நிமிசம் போகும்.

ரெண்டாவது: காத்து

அப்பாட லுமாலா சைக்கிள்ல வால்ரியூப் போட்ட வால்வு, மவுண்டன் சைக்கிள்ல அனேகமா மோட்டசைக்கிள் வால்வு மாதிரித்தான் இருக்கும், அதால கொம்பிரசர் இருக்கிற எந்தக் கடையிலயும் காத்து அடிக்கலாம். ஆனா அந்தக் காத்து பலமா வரும், விட்டு விட்டு அடியுங்கோ. எவ்வளவு எண்டு ரயரின்ட பக்கத்தில எழுதியிருக்கும், குறைஞ்சது இவ்வளவு, கூடினது இவ்வளவு எண்டு. 2.1 அங்குல ரயர், உள்ளுக்க ரியூப், 60, 70 கிலோ ஆள் எண்டா தார் றோட்டுக்கு 40 பி.எஸ்.ஐ கிட்ட, கிரவல் பாதைக்கு 30, 35 நல்லா இருக்கும். கனக்கக் குறைச்சா கல்லில மோதேக்க றிம்முக்கும் கல்லுக்கும் இடையில ரியூப் நசிஞ்சு பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கடிச்ச மாதிரி. பெருவிரலால அமத்திப் பாத்துக் காத்துக் காணும் எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ, இந்தத் தடிச்ச ரயர்ல அது தெரியாது.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மண் ஓரமா ஓடினா நெருஞ்சி முள்ளு ஏறும். பஞ்சர் ஆனா ரியூப்பை மட்டும் ஒட்டிப் போட்டு விடுறது பிழை, முள்ளு ரயர்லயே இருக்கும், அடுத்த நாளும் குத்தும். பனியன் துணியை ரயருக்கு உள்பக்கமா ஒருக்கா சுத்தி இழுங்கோ, முள்ளு இருக்கிற இடத்தில நூல் மாட்டிக்கொண்டு நிக்கும், விரலும் தப்பும்.

மூண்டாவது: பிரேக்கைப் பழக்கிறது

புது டிஸ்க் பிரேக் முதல் நாள் வடிவாப் பிடிக்காது, அதுக்குப் பயப்பிட வேண்டாம். காலையில உட்துறைமுக வீதி மாதிரி வாகனம் குறைஞ்ச சமதரையா ஒரு இடத்துக்குப் போய், 20 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏத்தி, நடக்கிற வேகம் வரைக்கும் மெது மெதுவா முன் பிரேக்கைப் பிடிச்சு இறக்குங்கோ, முழுசா நிப்பாட்டாம, சில்லை இறுக விடாம. இப்படி 20 தரம். பிறகு பின் பிரேக்குக்கும் 20 தரம். தட்டை நெரிக்கிற பாட் துண்டுகள் தேய்ஞ்சு தட்டில ஒரே சீராப் படிஞ்சா ரெண்டு விரல் காணும் நிப்பாட்ட. அதுக்குப் பிறகுதான் உவர்மலை இறக்கம், கோணேசர் கோயில் இறக்கம் எல்லாம்.

பிரேக் தட்டை விரலால தொடக் கூடாது. ஒயில் தெறிக்கவே கூடாது, தெறிச்சா கத்தும், பிடிக்காது, பாட் ஒயிலைக் குடிச்சா மாத்தத்தான் வரும். தட்டில மட்டும் பட்டிருந்தா போன் திருத்துற கடையில பாவிக்கிற ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் துணியில நனைச்சுத் துடையுங்கோ. கேபிள் இல்லாம உள்ளுக்க ஒயிலால வேலை செய்யிற பிரேக் எண்டா சில்லைக் களட்டின நேரம் லீவரை அமத்தாதேங்கோ, பாட் ரெண்டும் கிட்ட வந்திட்டா தட்டை உள்ளுக்க விடுறது பெரிய பாடு.

நாலாவது: முதல் மாசத்தில திரும்ப இறுக்கிறது

புது கேபிள் கொஞ்ச நாள்ல இளகும், போல்ட்டுகளும் தங்கட இடத்தில போய் இருக்கும். ஒரு 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு ஸ்டெம், கிராங், பெடல், பிரேக்கைப் பிடிச்சிருக்கிற போல்ட் எல்லாத்தையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. பெரிய பல்லுக்கு மாத்தேக்க செயின் ஏறத் தயங்கினா, பின் கியருக்குக் கேபிள் போற இடத்தில இருக்கிற சின்ன உருளையை வலம் இல்லாம இடமா அரைச் சுத்துச் சுத்திப் பாருங்கோ, அனேகமாச் சரி வரும். பக்கத்தில H, L எண்டு ரெண்டு சின்ன ஸ்குறூ இருக்கும், அதை இப்ப தொட வேண்டாம், பிழையாத் திருகினா செயின் கம்பிக்குள்ள விழும். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு சைக்கிளை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பாருங்கோ, டொக் டொக் எண்டா ஹாண்டில் கழுத்து இளகியிருக்கு, பாஸிட்ட காட்டுங்கோ.

அஞ்சாவது: உப்புக் கழுவுறதும் செயினும்

கடற்கரை மணல்ல ஓடினா அண்டைக்கே கழுவ வேணும், நாளைக்கு எண்டு வைக்க ஏலாது. நல்ல தண்ணியில கழுவுங்கோ, கரையோரக் கிணறு கொஞ்சம் உவரா இருக்கும், அந்தத் தண்ணியில கழுவிறது உப்பைத் திரும்பப் பூசிற மாதிரி, பைப் தண்ணி பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு வாளித் தண்ணி, கொஞ்சம் சோப், துணி. ஓட்டோ கழுவுற இடத்துப் பிரஷர் தண்ணி வேண்டாம், அது சில்லின்ட நடுவுக்கும் கிராங் அச்சுக்கும் உள்ள இருக்கிற கிறீஸை அடிச்சு எடுத்திட்டு உப்புத் தண்ணியை உள்ளுக்க விட்டிரும். முன் போர்க்கின்ட மினுங்கிற குழாயை மெல்லிய துணியால துடைச்சு விடுங்கோ, மணல் ஒட்டினா சீல் தேயும்.

செயினுக்கு மண்ணெண்ணெய் தொட்ட பிறஷால தேயுங்கோ, பின் பிரேக் தட்டுக்கு மேல ஒரு துணியைச் சுத்தி மூடிப் போட்டு. துடைச்சு, காய விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுத்திக்கொண்டு செயினின்ட உள்பக்கம் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி ஒயில். 10 நிமிசம் ஊற விட்டு, இப்ப துணியால இறுக்கிப் பிடிச்சு வெளியில இருக்கிறதை எல்லாம் துடைச்சு எடுங்கோ. இந்தத் துடைக்கிறதைத்தான் எல்லாரும் விடுறது. ஒயில் வேலை செய்யிறது உருளைக்கு உள்ளுக்க, வெளியில இருக்கிறது மண்ணைப் பிடிச்சு அரைக்கும்.

தேங்காண்ணெய் போடாதேங்கோ. எஞ்சின்ல இருந்து எடுத்த கழிவு ஒயிலும் வேண்டாம், அதில இரும்புத் தூள் இருக்கும். டபிள்யூ.டி 40 டின் தண்ணியை விரட்டவும் கறள் இளக்கவும் நல்லது, சாதாரண டின்னை நம்பி செயினுக்கு அதை மட்டும் அடிச்சா இருக்கிற ஒயிலும் கழுவுப்பட்டுப் போகும். ஒக்ரோபர் தாண்டி மாரி தொடங்கினா தடிச்ச ஒயில், கச்சான் காலத்துப் புழுதிக்கு மெல்லிய ஒயில், கடையில கேட்டா ரெண்டும் வேற வேறயாத் தருவினம்.

கடைசியா ஒரு அளவு

மூண்டு மாசத்துக்கு ஒருக்கா செயினை அளவுங்கோ. அங்குல ரேப்பின்ட நுனிக் கொக்கி ஆடும், அதால 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின்ட (செயின் துண்டுகளைப் பிணைக்கிற ஆணி) நடுவில வையுங்கோ. புதுச் செயின்ல 13ஆவது கோட்டில சரியா இன்னொரு பின்னின்ட நடு வந்து நிக்கும். அது 13ஐத் தாண்டி ஒரு அங்குலத்தில 16ல ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒண்டரை மில்லிமீற்றர் போயிட்டா செயினை மாத்துங்கோ. 8ல ஒரு பங்கு வரைக்கும் விட்டா பின் பல்லுச் சக்கரமும் சேர்ந்து தேய்ஞ்சிருக்கும், செயினை விட அது விலை. அளந்த திகதியை வாங்கின பில்லுக்குப் பின்னால எழுதி வையுங்கோ. அக்காட மகன் கன்னியாப் பக்கம் நெடுக ஓடுறவன், போன கிழமை ரெண்டு பேருமா அளந்தம், செயின் பின் 13ல சரியா நிக்குது.