‘எந்தக் கொம்பனி நல்லது?’: லப்டொப் வாங்கும்போது வன்னியில் அதிகம் நடக்கும் தவறுகள்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த கையோடு கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் அம்மாமாரும் அப்பாமாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “தம்பி, எந்தக் கொம்பனி நல்லது?” தம்பியிடம் பதிலும் தயாராக இருக்கும். அன்றைக்கு எது ஸ்டொக்கில் கிடக்கிறதோ அதுதான் நல்ல கொம்பனி. கேட்டவரையும் குறை சொல்ல முடியாது, சொன்னவரையும் குறை சொல்ல முடியாது. கேள்விதான் பிழை.

டெல் என்றால் இன்ஸ்பிரோனும் டெல்தான், லற்றிரியூட்டும் டெல்தான். ஆனால் இரண்டும் ஒரே பெயர் போட்ட வேறு வேறு சாமான்கள். முதலாவது வீட்டுப் பாவனைக்கு, விலையைப் பார்த்துச் செய்தது. இரண்டாவது அலுவலகங்கள் நூற்றுக்கணக்கில் வாங்குவதற்காகச் செய்தது. அதன் பிணைச்சல் உறுதியாக இருக்கும், உதிரிப்பாகம் பல வருடங்களுக்குக் கிடைக்கும், எந்த ஆணியை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரைக்கும் கொம்பனியே கையேடு வெளியிட்டிருக்கும். எச்.பி.யில் எச்.பி. 15க்கும் எலிட்புக்குக்கும் இதே வித்தியாசம். லெனோவோவில் ஐடியாபாட்டுக்கும் திங்க்பாட்டுக்கும் இதே வித்தியாசம். திங்க்பாட் என்ற பெயர் இருந்தாலே போதும் என்றும் இல்லை. அதற்குள்ளும் ‘ஈ’ வரிசை மலிவு, ‘ரி’ வரிசை உறுதி. 2025 இல் டெல் தன் பெயர்களையே மாற்றிவிட்டது. புதுப் பெட்டியில் லற்றிரியூட்டைத் தேடிக் களைக்க வேண்டாம், இப்போது அந்த இடத்தில் ‘டெல் புரோ’ என்று இருக்கும்.

ஆகவே டெல்லா எச்.பி.யா என்று இரண்டு மலிவு மொடல்களை வைத்து வாதாடுவதில் பெரிய பயன் இல்லை. ஒரு கொம்பனிக்கும் மற்றதுக்கும் உள்ள தூரத்தைவிட, ஒரே கொம்பனியின் கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் உள்ள தூரம் கூட. உள்ளே போனால் இன்னும் குழப்பம்: குவான்ரா, கொம்பால் போன்ற தாய்வான் நிறுவனங்கள்தான் பல பெயர்களுக்கும் லப்டொப் செய்து கொடுக்கின்றன. 2008 இல் என்விடியாவின் கிராஃபிக்ஸ் சிப்களில் குறை வந்தபோது எச்.பி., டெல், ஆப்பிள் மூன்றுமே ஒன்றாக அடிபட்டன. பழுது ஒரு பாகத்தில் இருந்தது, பெயரில் இல்லை.

இணையத்தில் சுற்றுகிற ‘நம்பகமான கொம்பனிகள்’ பட்டியலை நம்பி இறங்குவது அடுத்த தவறு. பலரும் இன்றைக்கும் பகிர்வது 2009 இல் அமெரிக்காவில் நீடித்த உத்தரவாதம் விற்கும் ஸ்குவெயர்ட்ரேட் நிறுவனம் வெளியிட்ட கணக்கு. ஏறத்தாழ 30,000 லப்டொப்களைப் பார்த்து, மூன்று வருடத்துக்குள் 31 வீதம் பழுதாகின்றன என்றது. விழுத்தியது, ஊற்றியது தவிர்த்து, தானாக வந்த பழுதை மட்டும் பார்த்தால் ஆசூஸும் தோஷிபாவும் 16 வீதத்துக்குக் கீழே நின்றன, எச்.பி. 25ஐத் தாண்டியது. அந்தக் காலத்துக்கு அது பெறுமதியான கணக்கு. ஆனால் சோனி 2014 இல் லப்டொப் தொழிலை விற்றுவிட்டது, தோஷிபா 2020 உடன் முழுதாக வெளியேறிவிட்டது. பட்டியலில் மேலே நின்றவர்களில் இருவர் களத்திலேயே இல்லாதபோது, மிச்சப் பேரின் வரிசையை மட்டும் எப்படி நம்புவது? அதே அறிக்கையில் ஒருவரும் பகிராத ஒன்று இருக்கிறது: அந்த 31 வீதத்தில் மூன்றில் ஒரு பங்கு, கீழே விழுத்தியதாலும் தண்ணீர் தேத்தண்ணி ஊற்றியதாலும் வந்த பழுது. அதற்கு எந்தக் கொம்பனியும் பொறுப்பில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? வன்னியில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பழுதானால் யார் திறப்பார் என்பதை. கொழும்பில் இருப்பவர் மத்தியானம் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். முல்லைத்தீவில், மல்லாவியில் இருப்பவருக்கு அதற்கு முன்னால் ஏ9 வீதிக்கு வரவே ஒரு பயணம். உங்களிடம் விற்ற கடை பழுதானதை வாங்கி வைத்து, இன்னும் சில சேர்ந்த பிறகு கொழும்புக்குப் பார்சலில் அனுப்பும். இடையில் பிள்ளையின் சோதனை முடிந்துவிடும்.

பில்லைப் பாருங்கள். ‘ஒரு வருடம், 14 வேலை நாட்கள் குறைய’ என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் அது வழமை. ஆனால் அந்தக் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பவர் எத்தனை பேர்? உத்தரவாதம் இலங்கை முகவருடையதா, கடையினுடையதா என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும். கடை உத்தரவாதம் என்றால் கடை இருக்கும்வரைதான் அது. இடி மின்னல், கூடிய மின்னழுத்தம், எரிந்த அடையாளம், ஈரம், துரு இவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் ஊரில் அந்தச் சின்ன எழுத்துத்தான் பெரிய எழுத்து. மழை இருட்டினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், ரவுட்டரையும் சேர்த்து.

வாங்க முன்னர் விற்கிறவரைவிடத் திருத்துகிறவரிடம் கேட்பது நல்லது. “அண்ணை, எதன் கீபோர்டும் ஸ்கிரீனும் உடனே எடுக்கலாம்?” என்று கேளுங்கள். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. அவருடைய மேசையில் பத்து எச்.பி. கிடந்தால் எச்.பி. கூடாது என்று முடிவு கட்டக் கூடாது. ஊரில் எச்.பி. அதிகம் விற்றிருக்கலாம். எத்தனை வருகிறது என்பதை விட, என்ன பழுதோடு வருகிறது என்பதுதான் விஷயம். மூன்று வருடம் ஓடிய பற்றரியா, ஆறு மாதத்தில் கழன்ற பிணைச்சலா? இரண்டாவது என்றால் அந்த மொடலின் முழு இலக்கத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். என் கணிப்பில் இங்கே நம்பகம் என்பதில் பாதி, சாமான் கிடைப்பதுதான். ஊரில் நிறைய ஓடுகிற ஒரு சாதாரண மொடல், ஒருவரிடமும் இல்லாத உயர்ந்த மொடலைவிட நீண்ட காலம் உழைக்கும்.

இனி அழகுக்கு வருவோம். அழகு பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாலைந்து வருடம் தினமும் பார்க்கப் போகிற முகம் அது. ஆனால் கடையின் வெள்ளை லைற்றுக்குக் கீழே பார்ப்பது வேறு, வீட்டு விறாந்தையில் பார்ப்பது வேறு. கண்ணாடி போலப் பளபளக்கும் ரச் ஸ்கிரீன் கடையில் கண்ணைப் பறிக்கும். வீட்டில் பகல் பத்து மணிக்கு அதில் உங்கள் முகமும் பின்னால் நிற்கும் முற்றத்து வேம்பும்தான் தெரியும். மினுக்கம் இல்லாத ஸ்கிரீன்தான் இந்த வெளிச்சத்துக்குச் சரி. பிரகாசம் 250 நிட்ஸ் என்றால் உள்ளறைக்குப் போதும், வெளியே இருந்து படிக்க 300க்கு மேல் தேடுங்கள். உடைந்தால் மாற்றுகிற செலவிலும் ரச் ஸ்கிரீனுக்கும் சாதாரண ஸ்கிரீனுக்கும் பெரிய வித்தியாசம்.

மெலிவு அடுத்தது. மெலிந்த லப்டொப்பில் ராம் என்னும் நினைவகம் பெரும்பாலும் போர்டிலேயே ஒட்டியிருக்கும். இன்றைக்கு 8 ஜிபி என்றால் என்றைக்கும் 8 ஜிபிதான். கீபோர்டையும் பிளாஸ்ரிக் முளைகளை உருக்கி மேல்மூடியோடு பொருத்தியிருப்பார்கள். ஒரு எழுத்து வேலை செய்யாவிட்டால் மூடியையே மாற்ற வேண்டி வரலாம். மலிவு மொடல்களில் பிணைச்சல் பூட்டிய பித்தளை மரைகள் பிளாஸ்ரிக்கில் புதைந்திருக்கும். பிணைச்சல் இறுகிய பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பிளாஸ்ரிக்தான் இழுபடும். ஒருநாள் மூலை வெடித்து, மூடி கீழ்ப்பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். மூடியை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள், அப்பளம் போல் நெளிந்தால் வைத்துவிடுங்கள்.

உலோக உடல் அழகுதான், உறுதியும்தான். சார்ஜில் போட்டு வேலை செய்யும்போது கையில் மெல்லக் கிறுகிறுக்கிறது என்று பலர் பயந்து கொண்டு வருவார்கள். அது அநேகமாக லப்டொப்பின் பழுது அல்ல. புவித்தொடுப்பு (எர்த்) இல்லாத இடத்தில் சார்ஜரின் சிறிய கசிவு மின்னோட்டம் உலோகத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். வயரிங்கில் எர்த் சரியாக இருந்து, மூன்று பின் பிளக்கில் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பல வீடுகளில் பிளக் இருக்கிறது, பின்னால் எர்த் வயர் இல்லை. அதை லப்டொப்புக்காக மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்காகவும் ஒரு மின்வேலைக்காரரைக் கொண்டு பார்ப்பது நல்லது.

வெளியே ‘இராணுவத் தரம், மில்-எஸ்.ரி.டி 810எச்’ என்று ஒட்டியிருப்பதைக் கண்டு ஏமாறவும் வேண்டாம், எடுத்தெறியவும் வேண்டாம். அது அமெரிக்கப் படைத்துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனைகளைச் செய்வது என்று தெரிவு செய்வது கொம்பனியே. படைத்துறை யாருக்கும் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

கேமிங் லப்டொப் பற்றி இரண்டு வரி போதும். வர்ண லைற்றுக்காக வாங்கியவர் நிறையப் பேர். சார்ஜர் செங்கல்லளவு, பற்றரி கொஞ்ச நேரம், சிறிய இன்வேர்ட்டரில் போட்டால் அது கத்தும்.

மின்சாரத்தையும் வெக்கையையும் பற்றி ஒருவரும் கடையில் பேசுவதில்லை. பெரும்பாலான லப்டொப்களுக்குக் கொம்பனிகள் எழுதியிருக்கும் இயங்கு வெப்பநிலை 35 பாகை வரைதான். ஆப்பிள் 10 முதல் 35 என்கிறது. வைகாசி மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அந்த எல்லையை லப்டொப் போடாமலே தாண்டிவிடுவோம். அதோடு சோளகம் அள்ளிவரும் செம்மண் தூசு. அடியில் காற்றோட்டத் துவாரம் உள்ள லப்டொப்பைப் படுக்கையில் வைத்துப் படம் பார்த்தால், காற்றாடி தூசையும் பஞ்சையும் சேர்த்து உறிஞ்சும். 2020க்குப் பிறகு வந்த மக்புக் எயாரில் காற்றாடியே இல்லை. தூசு உறிஞ்சாது, ஆனால் வெக்கை கூடினால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகிறவர் அதை வாங்க முன்னர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: சொலிட்வேர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸுக்கானவை.

2022 பங்குனி முடிவில் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ரைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லப்டொப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். பழைய உருளை முனைச் சார்ஜர் பழுதானால் அதே மொடலைத் தேட வேண்டும். ரைப்-சி என்றால் 65 வாற் சார்ஜர் எதுவும் பெரும்பாலும் போதும், தேவையான வாற் உள்ள பவர் பாங்கிலும் ஓட்டலாம்.

வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தியோ கொண்டுவரும் லப்டொப் தனிக் கதை. சார்ஜரில் 100–240 வோல்ற் என்று இருந்தால் இங்கே வேலை செய்யும், பிளக்கை மாற்றினால் சரி. சிக்கல் கீபோர்டில். பிரான்சிலிருந்து வருவதில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கியூ’ இருக்கும். ஜேர்மனி, சுவிஸிலிருந்து வருவதில் ‘வை’யும் ‘இஸட்’டும் இடம் மாறியிருக்கும். விண்டோஸில் அமைப்பை மாற்றலாம், ஆனால் விசையில் அச்சடித்த எழுத்து மாறாது. புதிதாகத் தட்டச்சுப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய தொல்லை. சில கொம்பனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான். “மாமா, இங்கிலிஷ் கீபோர்டா என்று பார்த்து வாங்குங்கோ” என்று முன்கூட்டியே சொல்வதில் வெட்கம் இல்லை. அன்பளிப்புத்தான், ஆனால் நாலு வருடம் தட்டப் போவது நீங்கள்.

பாவித்த அலுவலக லப்டொப்புகள் இப்போது நிறைய வருகின்றன. பழைய லற்றிரியூட், எலிட்புக், திங்க்பாட் எல்லாம். அதே காசுக்குப் புது மலிவு மொடலைவிட இவை பல வேளைகளில் உறுதியானவை என்பது என் எண்ணம். ஆனால் ‘கோர் ஐ5’ என்ற ஸ்ரிக்கரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 தான் தலைமுறை. ஐ5-6300யூ என்றால் ஆறாவது, அதை விட்டுவிடுங்கள். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். திறந்ததும், விண்டோஸ் வர முன்னரே பயோஸ் கடவுச்சொல் கேட்டாலோ, வேறொரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னாலோ பேரம் பேச வேண்டாம். மக்புக் என்றால் பழைய சொந்தக்காரரின் ஐகிளவுட் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். “பிறகு செய்து தாறன்” என்றால், காசையும் பிறகு தாறன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.