திருகோணமலையில் பழைய வீடு திருத்த உதவி பெற

தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் உதவியோ கடனோ கேட்குமுன் காணி உறுதியை, அல்லது அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். இறந்த பெற்றோரின் பெயரிலேயே இருந்தால் விண்ணப்பம் இழுபடும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், செலவு மதிப்பீடு, வெடிப்புகளின் படங்களோடு போங்கள். பணம் பெரும்பாலும் முடிந்த வேலையைப் பார்த்தே கட்டம் கட்டமாக வரும். அதை நம்பிக் கூரையை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். ஒக்டோபர் மழைக்கு முன் ஓடு வேய்ந்தாக வேண்டும்.

சுவரில்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். கடலோரத்துப் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்புப் பூக்கும், பூச்சு பாளமாகக் கழன்று விழும். பழையதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்பு 1 பங்குக்கு ஆற்றுமணல் 3 பங்கு கலந்து மெல்லிய படைகளாகப் பூசுங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம்.