வராத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புகளைப் 11 ஆண்டுகளாகப் பொறுப்பேற்று நடத்திவருகிறேன். அண்மையில் வேறொரு வட்டாரத்தில் இதே போன்ற வகுப்புகளுக்கு இயக்குநராகப் போன தங்கை ஒருத்தி, "அக்கா, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டாள். மண்டபம், நன்கொடை, திறப்பு விழா என்று கையில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு என்றேன்.

வருகைப் பதிவேடு ஆசிரியரிடம் இருக்கட்டும். உங்கள் நோட்டில் வராதவர்களின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். பெயர், எத்தனை வகுப்பு வரவில்லை, நீங்கள் வீட்டுக்குப் போன நாள், அங்கே கேட்ட சொல். இரண்டு வகுப்பு தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டு வாசலில் மூன்றாவது வகுப்புக்கு முன்பே போய் நில்லுங்கள். இந்த வேலையைத் தொண்டர்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

போகிற நேரமும் முக்கியம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பிற்பகலில் திரும்புவார்கள். குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயரும் வேளையில் கதவைத் தட்டக்கூடாது. மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டவர்களில் பலருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. யாருக்கு எந்த வாரம் இரவு வேலை என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் படித்த ஒரு பையன் மூன்று வகுப்புக்கு வரவில்லை. "ஆர்வமில்லை" என்று ஆசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். நான் போனபோது மூன்று வயதுத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவை ஏற்றிச்செல்லத் தொழிற்சாலை வேன் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுமாம். தரையில் வரலாற்றுப் புத்தகம் விரிந்து கிடந்தது. மலாய்ச் சொற்களின் தலைக்கு மேல் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழில் பொருள் எழுதியிருந்தான். பன்னிரண்டாம் பக்கத்தோடு பென்சில் எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்குமேல் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. ஆசிரியரின் குறிப்பை அன்றிரவே அடித்துவிட்டேன். தங்கையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வகுப்பின் பின்பக்கம் ஒரு பாய், கொஞ்சம் வண்ணப் பென்சில்; பாட்டி ஒருவர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பதினைந்து ரிங்கிட் கூடச் செலவாகவில்லை.

அந்தப் பென்சில் எழுத்துதான் எங்கள் பாடத் திட்டத்தையே மாற்றியது. ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கையில் வர வேண்டுமானால் மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்றப் பாடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த இரண்டில் ஒன்று கைவிட்டால் சான்றிதழ் இல்லை. ஆனால் கூடுதல் வகுப்பு என்றாலே கணிதமும் அறிவியலும்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். முதலாம் படிவத்திலேயே வரலாற்றைத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதலில் கதையைத் தமிழில் சொல்லுங்கள், பிறகு அந்தப் பக்கத்தின் பத்து மலாய்ச் சொற்களை எழுதிப் போடுங்கள், கடைசியில் பிள்ளையே எழுந்து மலாயில் திருப்பிச் சொல்லட்டும். திக்கினாலும் இடையில் குறுக்கிடாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். நான்கு மேசை போட்டு, பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையை நடுவில் வைத்துப் பேசுங்கள். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டுவிட்டன. வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் இப்போது 1 முதல் 6 வரை அடைவுநிலை இருக்கிறது. 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. "என் மகன் மூன்றாவதாக வந்திருக்கிறான்" என்று ஒரு தந்தை மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை விளக்குவது எனக்குக் கடினமாக இருந்தது. ஆனாலும் விளக்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அவர்தான் முதலில் வந்தார்.

பணம். இலவசம் என்று விளம்பரம் செய்யாதீர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அவர் இந்தச் சுங்கை சிப்புட்காரர். இங்குள்ள பெரியவர்களிடம் அதைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. குடும்பத்துக்கு மாதம் ஐந்து ரிங்கிட், சம்பளம் கைக்கு வந்த வாரத்தில். முடியாதவர்கள் ஒருநாள் கடலை அவித்துக் கொண்டுவரட்டும். கணக்கை ஒரு தாயிடம் ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை அவர் எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும்.

தொண்டர்களுக்குப் பக்கத்து ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறும் மாணவர்களைக் கேளுங்கள். தேர்வுக் காலத்தில் அவர்கள் வர மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான். தங்கைக்கு ஆறு வயது. சென்ற மாதம் பாயிலிருந்து எழுந்து வந்து, எல்லார் பெயரையும் வாசிக்கிறீர்கள், என் பெயரை மட்டும் ஏன் வாசிப்பதில்லை என்று ஆசிரியரிடம் கேட்டு அழுதாள். அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவிட்டோம்.