வீட்டில் இஞ்சி பீர்: சாமான் வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

மால்ட்டும் ஹாப்ஸும் போட்டு வீட்டில் பீர் காய்ச்சத் தமிழ்நாட்டில் அனுமதி இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிட்டத்தட்ட அதே பாத்திரம், கருவிகளோடு, ஈஸ்ட்டின் வேலையை ஆரம்பத்திலேயே நிறுத்தி எடுக்கும் இஞ்சி பீரை வீட்டில் செய்யலாம். சாராய அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதற்கு மேல் போனதை மதுபானம் என்றே கணக்கில் எடுக்கும். அந்தக் கோட்டுக்குள் நிற்பதும், பாட்டில் வெடிக்காமல் இருப்பதும் நீங்கள் வாங்கும் சாமானைப் பொறுத்தவை.

4 லிட்டருக்கு 150 கிராம் இஞ்சி, 400 கிராம் சர்க்கரை, 3 எலுமிச்சை, 200 மில்லி இஞ்சி உறை போதும். இஞ்சியைக் கொதிக்கவைத்து, ஆறிய சாற்றில் உறையை ஊற்றி, பாட்டிலில் அடைத்துப் புளிக்கவிடுவதுதான் முறை. உறைக்கு அரை லிட்டர் தண்ணீரில் தோலோடு துருவிய இஞ்சியும் சர்க்கரையும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி போட்டு, தினமும் ஒவ்வொரு கரண்டி சேர்த்துக் கிளறி வர வேண்டும். சென்னைச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் நுரை கட்டிவிடும். இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட்தான் இதற்கு ஆதாரம். தோலைச் சீவி எறிந்துவிட்டு நுரை வரவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை.

பாட்டிலில்தான் ஆபத்து

அடுப்பில் ஏற்றும் பாத்திரத்துக்கு நிறையச் செலவு செய்துவிட்டு, பாட்டிலுக்குக் கையில் கிடைத்ததை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒரு லிட்டரில் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது முழுவதும் புளித்தால் சுமார் 25 லிட்டர் வாயு வரும். கடையில் விற்கும் சோடாவில் லிட்டருக்கு 3 அல்லது 4 லிட்டர்தான் இருக்கும். மூடிய கண்ணாடி பாட்டிலை மறந்துபோய் அலமாரியில் நான்கு நாள் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். சின்ன வீட்டில் படுக்கும் இடமும் சாமான் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கும்போது இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அழகுக்காக விற்கும் சதுரக் கண்ணாடி பாட்டில்கள் வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறினால் மூலைதான் முதலில் விரியும். காலி பீர் பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி தனியாக வேண்டும், உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தொட்டுப் பார்க்கவும் முடியாது. கோலி சோடா பாட்டில் தடிமன்தான், ஆனால் வாயுவை மெஷினில் ஏற்றும்போது அந்த அழுத்தமே கோலியைக் கழுத்தில் இறுக்கும் வகையில் செய்தது. புளிப்பது மெதுவாகத்தான் வாயு விடும் என்பதால் கோலி சரியாக உட்காராது. கழுத்தில் இருக்கும் பள்ளத்துக்குள் பிரஷும் போகாது. ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை இதற்கு நினைக்கவே வேண்டாம்.

சரியானது, சோடா அல்லது கோலா வந்த ஒரு லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில். அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஐந்து கால் வைத்ததுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தால் அது அழுத்தம் தாங்கச் செய்தது. அடி தட்டையாக, உடம்பு மெல்லியதாக, பிடித்தால் நசுங்கினால் அது வெறும் தண்ணீர் பாட்டில். நிரப்பும்போது மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். மூடி வளையத்தின் உள்பக்கம் தேய்ந்திருந்தால் வாயு கசியும், புது மூடி போட வேண்டும். நிரப்பிய பாட்டில்களை மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் நிறுத்தி வைப்பது நல்லது. காலை, மதியம், ராத்திரி என்று அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலுக்கு அசையாத அளவு இறுகிவிட்டால் அந்த நிமிடமே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் இல்லாமல் சாராயக் கணக்கு கிடையாது

நாக்கில் வைத்து இனிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. இஞ்சிக் காரத்தில் அந்தச் சோதனை பலிக்காது. சென்னையில் நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளில் ஹைட்ரோமீட்டரும் 100 மில்லி அளவுக் குழாயும் கேளுங்கள். ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி; சர்க்கரை புளிக்கப் புளிக்க அதில் எண் இறங்கும். இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது: 1.000 முதல் 1.170 வரை போகும் ஒயின் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு கோடும் 2 புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001), அதனால் சின்ன மாற்றம் தெரியாது. 1.000 முதல் 1.050 அல்லது 1.060 வரை உள்ளதை வாங்குங்கள். பால்மானியை வாங்கி வராதீர்கள். வீட்டுக்கு விற்கும் பால்மானியில் பால், தண்ணீர் என்று சில அடையாளங்கள்தான், எண் அளவு இருக்காது.

மேலே சொன்ன அளவில் ஆரம்பத்தில் 1.040ஐ ஒட்டிக் காட்டும். 4 புள்ளி இறங்கி 1.036 ஆனால் லிட்டருக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சர்க்கரை புளித்துப் போயிருக்கும், சாராயம் 0.5 சதவீதத்தைத் தொட்டிருக்கும். ஆகவே 3 புள்ளி இறங்கியதுமே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பார்க்கும்போது சூடு குழப்பிவிடும். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிட்டவை. 32 டிகிரியில் வைத்தாலே 3 புள்ளி குறைவாகக் காட்டும். முதல் அளவும் கடைசி அளவும் ஒரே சூட்டில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வீண். வாயுக் குமிழ்கள் ஹைட்ரோமீட்டரை மேலே தூக்கும். அதனால் மாதிரியை இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றுவது போல நாலைந்து முறை ஆற்றிவிட்டுத்தான் குழாயில் ஊற்ற வேண்டும். சோதனைக்கென்றே ஒரு 250 மில்லி பெட் பாட்டிலையும் அதே நேரத்தில் நிரப்பி, பெரிய பாட்டில்களோடு வைத்தால் அவற்றைத் திறக்காமலே அளவு தெரியும்.

தெர்மாமீட்டர் என்றதும் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுக்கக் கூடாது, அது உடம்புச் சூட்டைவிட ரொம்பக் குறைந்த அளவைக் காட்டாது. கொளத்தூர் மீன் கடைகளில் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் கிடைக்கும். அதை ஜாடியின் வெளியே ஒட்டிக்கொள்ளலாம். அதே கடையில் தண்ணீரின் குளோரினை எடுக்கும் மருந்தும் விற்பார்கள். அது மீன் தொட்டிக்கு மட்டும், குடிக்கும் பானத்தில் ஒரு சொட்டும் கூடாது. மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினுக்கு 15 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தாலே போதும். குளோரின் போகாத தண்ணீரில் உறை சரியாக எழும்பாமல் போகலாம்.

பாத்திரமும் கழுவலும்

பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் விலக்கு. எலுமிச்சையும் புளிப்பும் பட்டால் உலோகம் பானத்தில் இறங்கும். கொதிக்க வைக்க ஸ்டீல், உறைக்கு வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. ஊறுகாய் இருந்த ஜாடியின் எண்ணெய் வாடை எத்தனை முறை கழுவினாலும் விடாது. தண்ணீர் கேனின் கழுத்தில் கை நுழையாது என்பதால் அதுவும் தோதுப்படாது. பிளாஸ்டிக் வேண்டுமென்றால் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று அச்சிட்டு, உணவுக்கானது என்று சொல்லி விற்கும் புதியதாக இருக்க வேண்டும். ரசாயனம் வந்த பழைய டிரம்மைக் கழுவி மலிவாக விற்பார்கள், பெயின்ட் பக்கெட்டும் கிடைக்கும். என்ன இருந்தது என்று தெரியாத டப்பாவில் குடிக்கும் பொருளை ஊற்றவே கூடாது.

ஸ்டீல் நாரால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் விழும் கீறல்களில் கிருமி தங்கும். மெல்லிய பஞ்சும் சோப்பும் போதும். அழுக்குப் போன பிறகுதான் கிருமி நீக்கம். 5 சதவீத பிளீச்சிங் திரவம் 15 மில்லியை 4 லிட்டர் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அதோடு வினிகர், ஆசிட் எதையும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பெட் பாட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றினால் சுருங்கி வடிவம் போய்விடும், பிறகு அழுத்தமும் தாங்காது.

வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மூடிக்குக் காசு செலவு செய்ய வேண்டாம். உறையின் வாயை வேட்டித் துணியால் இழுத்துக் கட்டினால் போதும், பழ ஈ நுழையாது. இறுக்கமான மூடிதான் இங்கே தவறு.

கொதித்த இஞ்சிச் சாறு 30 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே உறை ஊற்ற வேண்டும், சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். புளிக்கும் இடம் 25 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அதற்கு வழியில்லை. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட்டை விடப் புளிப்புக் கிருமிகள் முந்திக்கொள்ளும். ஈரத்துணி சுற்றுவது கடற்கரைக் காற்றில் பெரிதாகக் குளிர்விக்காது. பக்கெட்டில் பாதித் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை நிறுத்தி, உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள்.

ஃபிரிட்ஜில் புளிப்பு நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். கரண்ட் போய் மணிக்கணக்காக வராவிட்டால் மறுபடி வேகம் எடுக்கும். அப்போது ஒவ்வொரு மூடியையும் ஒரு திருகு தளர்த்தி, சீறல் அடங்கியதும் இறுக்கி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். சாராயத்தை அறவே தவிர்ப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, தொட்டிக்கு மேல் பிடித்து, மூடியை ஒரே சுற்றாகத் திருகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.