மூன்று கைவேலையை ஒன்றாக எடுத்தால் பாதியில் நிற்காமல் முடிப்பது எப்படி?

போன வருஷம் ஒரு பட்டு ப்ளவுஸை வெட்டி, லைனிங் என்ற உள்துணியை இணைத்து, ப்ளவுஸின் கைப்பகுதியை வைத்துத் தைக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்கு விருந்தாள் வந்துவிட்டார்கள். துண்டுகளை அப்படியே சுருட்டி பீரோவில் வைத்தேன். நடுவில் ஒரு குட்டி ஸ்வெட்டர், இரண்டு தலையணை உறை என்று கவனம் வேறு பக்கம் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து எடுத்தால், எது வலது கை, எது இடது கை என்று தெரியவில்லை. உத்தேசமாக வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்த தங்கையால் கையைத் தூக்கவே முடியவில்லை. ப்ளவுஸ் கையின் மேல் வளைவு முன்பக்கம் சற்று அதிகமாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவு பின்பக்கம் போயிருந்தது. பிரித்து மாற்றினேன், ஆனால் பட்டில் ஊசித் துளை விழுந்தால் விழுந்ததுதான்.

நேரம் இல்லாததால்தான் வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புரிந்தது, விட்ட இடம் மறந்துபோவதுதான் பெரிய சிக்கல். மறந்த வேலையைத் தொடக் கை வராது, தொட்டாலும் தப்பாகும். தையலும் பின்னலும் இப்போதுதான் பழகுகிறீர்கள், ஆனால் ஒன்றுக்கு மேல் ஆசையாக இருக்கிறது என்றால் இந்த முறையைச் செய்து பாருங்கள்.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

பாதியில் நிற்கும் அத்தனையையும் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதை முடித்தால் யார் போடுவார்கள், எங்கே விரிப்போம்?" என்று கேளுங்கள். பதில் வராததைப் பிரித்துவிடலாம். உல்லன் நூல் வீணாகாது. பின்னலைப் பிரித்து நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழியாமல் ஒத்தி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் நீங்கிவிடும். வெட்டிய துணியில் அளவு போதாமல் போனதைச் சின்னப் பிள்ளைக்குச் சட்டையாக்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

மூன்றும் ஒரே மாதிரி வேலையாக இருக்கக் கூடாது. ஒன்று மிஷினில் உட்கார்ந்து செய்வது. ஒன்று எண்ணிக்கை பார்த்துச் செய்வது. மூன்றாவது, பேசிக்கொண்டே செய்யக்கூடியது.

இப்போது என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். தங்கையின் வளைகாப்புக்கு ஒரு பச்சைப் பட்டு ப்ளவுஸ், அது மிஷின் வேலை. குன்னூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு ஸ்வெட்டர், அதற்கு எண்ணிக்கை வேண்டும். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை நாலு மடிப்பாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் ஓடு தையல் போடும் விரிப்பு மூன்றாவது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அதில் நினைவில் வைக்க வேண்டியது, இல்லையென்றால் உள்மடிப்பு சுருங்கிக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த விரிப்பு ஒரு முழம் நகர்ந்துவிடும்.

பட்டு ப்ளவுஸும் ஜீன்ஸ் பையும் போல இரண்டு மிஷின் வேலையை மாற்றி மாற்றி எடுக்காதீர்கள். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஒவ்வொரு தடவையும் ஊசி, நூல், கீழ்நூல் சுற்றிய பாபின், நூலின் இறுக்கமான டென்ஷன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அரை மணி நேரம் கிடைக்கிற நாளில் அதிலேயே பாதி போய்விடும்.

மூன்றாம் படி: ஒரு வேலைக்கு ஒரு பை

கல்யாண வீடுகளில் கொடுக்கும் தாம்பூலப் பை வீட்டில் குவிந்திருக்குமே, அதுவே போதும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுத்துப்போகும். குண்டூசி, ஊசி எதையும் துணியில் குத்தியபடி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் துரு ஏறினால் அந்தக் கறை லேசில் போகாது.

அந்த வேலைக்கு வேண்டிய அத்தனையும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். ப்ளவுஸ் என்றால் துணி, லைனிங், ஹூக், அளவு ப்ளவுஸ், நூல். நூலைப் பகல் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள், கடை ட்யூப்லைட்டில் பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. உல்லன் நூலின் லேபிளைத் தூக்கிப் போடவே கூடாது. அதில் சாய லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் ஏற்றிய நூலுக்கான எண் இருக்கும். நூல் குறைந்தால் அதே லாட்டில் வாங்க வேண்டும். வேறு லாட் என்றால் நிறத்தில் சின்ன மாற்றம் இருக்கும், உருண்டையாக இருக்கையில் தெரியாது, பின்னி முடித்ததும் கோடு போட்ட மாதிரி தெரியும்.

நான்காம் படி: நிறுத்துகிற இடமும் சீட்டும்

மற்றப் படிகளைக் கொஞ்சம் முன்பின்னாகச் செய்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள்.

பின்னலை வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள். இரண்டு ஊசி சேரும் இடத்தில் கண்ணி, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையம், இழுபட்டுத் தளர்ந்து, பிறகு ஓட்டை போலத் தெரியும். வரிசையை முடித்து, கண்ணிகளை ஊசியின் நடுப்பக்கம் தள்ளி, முனையில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் கடைசிக் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்து ஊக்கு மாட்டிவிடுங்கள், குழந்தைகள் நூலை இழுத்தாலும் பிரியாது. எம்ப்ராய்டரி வளையத்தில் துணியை மாட்டியபடி நாள்கணக்கில் வைக்காதீர்கள், வட்டமாகத் தடம் விழுந்துவிடும். தையலில் ஒரு மடிப்போ ஒரு கையோ முழுதாக முடித்த பிறகு எழுந்திருங்கள்.

எழுந்திருக்கும் முன் ஒரு சீட்டு எழுதிப் பையில் போடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். என் ப்ளவுஸ் பையில் இப்போது இருக்கும் சீட்டு இது:

"லைனிங் இணைச்சாச்சு. வலது கை வச்சாச்சு. அடுத்தது இடது கை, ஒரு கட் போட்ட பக்கம் முன்னாடி வரணும். ஊசி 11."

"ஒரு கட்" என்பது வெட்டும்போதே இரண்டு கையின் முன்பக்க ஓரத்திலும் தையலுக்கு விட்ட இடத்துக்குள் கத்தரியால் கொடுக்கும் சின்ன வெட்டு. அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்தப் பட்டு தப்பியிருக்கும். ஸ்வெட்டர் சீட்டு இன்னும் சின்னது: "38 வரிசை முடிஞ்சது. 39 நிட் வரிசை." நிட் என்றால் நேர்க் கண்ணி. முடித்ததை மட்டும் எழுதினால் பாதிப் பயன்தான். அடுத்து என்ன என்பதையும் எழுதுங்கள். பத்து நாள் கழித்துப் பையைத் திறந்தாலும் கை தானாக வேலைக்குப் போய்விடும்.

ஐந்தாம் படி: வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வெட்டுகிற வேலைக்கு மட்டும் தனி நேரம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகோ, எல்லோரும் தூங்கிய பிறகோ, அடுப்பில் எதுவும் இல்லாதபோது வெட்டுங்கள். தப்பாகத் தைத்ததைப் பிரித்துக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது.

சில வேலைகளை மொத்தமாகச் செய்யலாம். எல்லா ப்ளவுஸுக்கும் பருத்தி லைனிங், சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் பட்டை, இவற்றை ஒரே நாளில் நனைத்து நிழலில் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். நனைக்காத ஃபால்ஸை வைத்துத் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கி, சேலையின் கீழ் ஓரம் இழுத்துக்கொண்டு நிற்கும். தீபாவளிக்குத் தைப்பவர்கள் இதைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் துணி காயாது.

விசேஷத் துணிக்குத் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள். வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்பு போட்டுப் பார்க்க வேண்டும், பிடிப்போ தளர்வோ இருந்தால் சரிசெய்ய நாள் வேண்டும் இல்லையா? அப்படியானால் கை வைப்பது அதற்கு முந்திய வாரம், வெட்டுவது அதற்கும் முன்னால். ஸ்வெட்டர் மார்கழிக் குளிருக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதால் அது தினம் நாலு வரிசை என்று நடக்கிறது.

ஆறாம் படி: நாலாவது ஆசை வரும்போது

வரும். புதிதாக ஒரு டிசைன் கண்ணில் பட்டதும் கை துறுதுறுக்கும். துணி வாங்கி வையுங்கள், நனைத்துக்கூட வையுங்கள், ஆனால் மூன்றில் ஒரு பை காலியாகும் வரை கத்தரி வைக்காதீர்கள். பொத்தான் போன பள்ளிச் சட்டை, தையல் விட்ட பேன்ட் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு ஒரு டப்பா ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

ஒரு வேலை முடிந்ததும் அதன் கடைசிச் சீட்டில் நூலின் நம்பர், ஊசி, எவ்வளவு துணி பிடித்தது, எங்கே மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதி, ஒரு துண்டுத் துணியோடு நோட்டில் ஒட்டுங்கள். அதே ஆளுக்கு அடுத்த ப்ளவுஸ் தைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டலாம்.