"வலி இல்லப்பா, கடுப்புதான்": மயக்கவியல் தீசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரைக்குடியில் எங்கள் வார்டில் நின்றுகொண்டிருந்தேன். தீசிஸுக்காக நோயாளிகளைப் பார்க்க வந்த, மேற்படிப்பு (பி.ஜி.) படிக்கும் தம்பி, தொடையெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு ஆச்சியிடம் போனான். "ஆச்சி, வலி இல்லல்ல?" என்றான். "இல்லப்பா" என்றது ஆச்சி. தாளில் 0 எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டான். இதே கேள்வியை இதே அவசரத்தில் கேட்டு, இதே 0-ஐ எழுதியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலைப்பை முழ நீளத்துக்கு வைப்பது, முன்னுரையைக் காப்பியடிப்பது, கடைசி மாதத்தில் புள்ளியியல் தெரிந்தவரைத் தேடி ஓடுவது இதெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் கைடே திட்டித் தீர்த்துவிடுவார். கைடின் கண்ணில் படாமல் நழுவுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வலியைக் கேட்கத் தெரியாமல் வலியை ஆராய்வது

என் தீசிஸும் தொடையெலும்பு முறிவுதான். ஸ்பைனல் (இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசி) போட நோயாளியை உட்கார வைப்போம். உடைந்த காலோடு எழுந்து உட்காருவது உயிர் போகிற வேலை. அதற்கு முன்னால் ஃபேசியா இலியாக்கா பிளாக் (இடுப்பு மடிப்பருகே போட்டுத் தொடை நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசி) போடுவது நல்லதா, ஐ.வி.யில் ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுப்பது நல்லதா என்பது என் கேள்வி. பிரிவுக்கு 30 பேர், ஒன்றரை வருட உழைப்பு.

உட்கார வைக்கும் நேரத்தில் ஒருவர் முதுகைத் தாங்குவார், ஒருவர் காலைப் பிடிப்பார், நான் கையுறையோடு நிற்பேன். எழுத யாருக்குக் கை காலி? அதனால் பிளாக் போட்டு அரை மணி கழித்து, அசையாமல் படுத்திருக்கும்போதே வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க்கைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். முட்டுக் கொடுத்து அசையாமல் வைத்த கால் அவ்வளவாக வலிக்காது. இரண்டு பிரிவிலும் 0, 1, 1, 0, 2 என்றே வந்தது. தரையைத் தொட்ட எண் அதற்குக் கீழே எங்கே போகும்? பிளாக் வேலை செய்ததா இல்லையா என்பதை அந்தத் தாள்களிலிருந்து கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

கணக்காகவே பாருங்கள். பத்துக்கு 1.5 வேறுபாட்டைத் தேடுகிறோம், திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2, பவர் (வேறுபாடு இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு) 80 சதவீதம் என்றால் பிரிவுக்கு 28 பேர் போதும். படுத்திருக்கும்போது கேட்டதால் வேறுபாடு 0.5 ஆகச் சுருங்கிவிட்டால், அதே விலக்கத்தோடு அதைத் தேடப் பிரிவுக்குச் சுமார் 250 பேர் வேண்டும். அத்தனை பேரைத் திரட்டி 0.5-ஐ நிரூபித்தாலும் என்ன பயன்? அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியில், பத்துக்குச் சுமார் 1 குறைந்தால்தான் நோயாளிக்கு வித்தியாசமே தெரியும்.

அசைவு கிடக்கட்டும். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது கேள்விதான். "வலி இல்லல்ல?" என்று கேட்டால் மரியாதை தெரிந்த எந்தப் பெரியவரும் "இல்லை" என்றுதான் சொல்வார். டாக்டர் தம்பி பாவம், ராத்திரியெல்லாம் முழித்து வைத்தியம் பார்க்கிறான், அவன் மனம் நோகக் கூடாது. இது எங்கள் ஊர்ப் பண்பு. தாளில் ஏறினால் தப்பான தரவு. இன்னொரு ஆச்சி சொன்னது: "வருசா வருசம் பழநிக்கு நடந்த காலு இது. இதுக்குப் போய் வலின்னு சொன்னா முருகன் சிரிப்பான்." அதற்கும் நான் 0 போட்டேன்.

அதைவிடப் பெரிய பள்ளம் சொல்லில் இருக்கிறது. வளவில் மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து வந்த ஒருவர், என் நாற்பத்துச் சொச்சமாவது நோயாளி. "வலி இல்லப்பா, கடுப்புதான்" என்றார். 0 எழுதினேன். அன்று இரவு அவர் தூங்கவே இல்லை என்று சிஸ்டர் காலையில் சொன்னபோதுதான் உறைத்தது. ஆங்கிலத் தாளில் ஒரே சொல்லில் அடங்குவதை நம் ஆட்கள் வலி, கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வலி என்றால் அவருக்குச் சுருக்கென்று வெட்டுவது மட்டும். மற்றதெல்லாம் வேறு கணக்கு. நான் கேட்டது ஒன்றை. அவரைத் தூங்கவிடாதது இன்னொன்று.

எண்ணிலும் வில்லங்கம் உண்டு. "பத்துக்கு எவ்வளவு?" என்றால், பத்து வாங்கினால் பாஸ் என்று நினைத்துக்கொண்டு, குணமானவர் 9 சொல்வார். கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்த ஒரு எண்பது வயதுக்காரர் அண்மையில் எங்கள் வார்டில் சொன்ன பதில்: "காலையில முழு ரூபாய்னா இப்ப நாலணா இருக்கும் தம்பி." என்ன அழகான அளவுகோல்! எங்கள் பையன் அதை 4 என்று எழுதியிருந்தான். ரூபாய்க்குப் பதினாறு அணா. நாலணா என்றால் கால் பங்கு, பத்துக்கு 2.5. 1957-லேயே அணா போய்விட்டது, பேச்சில் போகவில்லை. இதற்காக நீங்களாக மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அளவுகோலை மறுபடி விளக்கி எண்ணை அவர் வாயாலேயே வாங்குங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாளே அளவுகோலைக் காட்டிப் பழக்குங்கள். கேள்வி எழுதி வைத்த ஒரே வாக்கியமாக இருக்கட்டும்: "வலி, கடுப்பு, குத்தல், எரிச்சல் எல்லாம் சேர்த்து, ஒண்ணுமே இல்லைன்னா 0, இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா 10, இப்ப எவ்வளவு?" படுத்திருக்கும்போது ஒரு முறை, அசைக்கும்போது ஒரு முறை. எந்த அசைவு என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். "காலை அசைத்தபோது" என்றால் ஆளுக்கு ஒரு அசைவாகும். கேட்பவர் பிளாக் போட்டவராக இருக்கக் கூடாது. யாருக்கு எது போட்டது என்றும் அவருக்குத் தெரியக் கூடாது. கூடுதல் வலி மருந்து முதன்முதலில் எத்தனை மணிக்குக் கேட்டார், 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு போனது என்பதையும் குறியுங்கள். வாய் மறைத்ததை மருந்துச் சீட்டு சில நேரம் சொல்லிவிடும்.

என் 60 பேர் வீண். முதலில் இருந்து ஆரம்பித்தேன், ஆறு மாதம் தள்ளிப்போனது. எனக்கு ஆறு மாதம், சரி. கையெழுத்துப் போட்டு நம்பி வந்த அந்த 60 பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?

பதிவு

2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்தாகவேண்டும். பிறகு அழுது பயனில்லை.

உறை

யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் போட்ட சீட்டை வைத்தது எண்ணிட்டு ஒட்டிய உறையில் என்று தீசிஸில் எழுதுவீர்கள். வாங்கியது கடைத்தெருவில் விற்கும் மெல்லிய வெள்ளை உறை. ஒருமுறை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒன்றை வைத்துப் பார்த்தேன், உள்ளே இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஒல்லியான நோயாளி வந்தால் பிளாக், பருமனானவர் வந்தால் "அடுத்த உறையைப் பார்ப்போமே" என்று யாருக்கும் கை போகும். உள்ளே கார்பன் தாளோ அலுமினியத் தாளோ வையுங்கள். வேறொருவரிடம் போன் செய்து கேட்கும் ஏற்பாடு இன்னும் மேல்.

பன்னிரண்டாம் மணிக் கட்டம்

அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாம் மணி நேரத்து வலி மார்க், ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டியது. தூங்கிவிட்டீர்கள். காலையில் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் 3 போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். காலியாக விட்டு, ஏன் காலி என்று எழுதுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நம் துறைக்கு இதில் கெட்ட பெயர் உண்டு. அமெரிக்காவில் ஸ்காட் ரூபன் என்ற வலி ஆய்வாளரின் 21 கட்டுரைகளில் பொய்த் தரவு இருந்தது 2009-ல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் சிறைக்குப் போனார். ஜப்பானின் யோஷிடாகா ஃபூஜியின் 172 கட்டுரைகளில் பொய்த் தரவு என்று அந்நாட்டு மயக்கவியல் சங்கம் 2012-ல் அறிவித்தது. இங்கிலாந்தின் ஜான் கார்லைல், ஃபூஜியின் எண்கள் இயற்கையாக அமைய முடியாத அளவுக்கு ஒத்திருந்ததைக் கணக்குப் போட்டே காட்டினார். உண்மையான எண்கள் கோணல்மாணலாகத்தான் வரும்.

ஐ.சி.யூ.வில்

வென்டிலேட்டரில் இருப்பவரிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்க முடியாது. முகம், கை, வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது ஆகியவற்றைப் பார்த்து மார்க் போடும் பி.பி.எஸ். போன்ற அளவுகோல் வேண்டும். அதில் குறைந்தபட்சமே 3, அதிகபட்சம் 12. 0 என்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். தசை தளர்வு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அந்த மார்க்குக்கு அர்த்தமே கிடையாது. முகம் சுளிக்கவும் தசை வேண்டும்.

எக்செல்

வலதுகாலா இடதுகாலா என்பதற்கு நான்கு விதமாக எழுதாதீர்கள்.

சம்மதப் படிவம்

மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் "போடுங்க டாக்டர்" என்று சொன்னது சம்மதம் ஆகாது. நினைவோடு இருக்கும் நோயாளிதான் சம்மதிக்கவேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டும்போது நடுநிலையான சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்திடவேண்டும். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் வைத்துப் பேனாவை நீட்டுவதை விட்டுவிடுங்கள்.

எங்கள் படிவத்தில் "சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது. ஒரு பெரியவர் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, சீட்டுக் குலுக்கிப் போடப் போறீகளா?" என்றார். ஆமாம் என்றேன். "அதைச் சொல்ல வேண்டியதுதானே" என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை மாற்ற நெறிமுறைக் குழுவிடம் மறுபடி மனுப் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.